கொட்டிலைப் பிரிக்க முன்னர்



சென்ற மாதம் எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு தங்கை கேட்டார்: “அக்கா, வீடு கட்ட அரசாங்கக் கடன் தருகினமாம். எடுக்கலாமோ?” நான் உடனே பதில் சொல்லவில்லை. என் வீட்டின் கதையைச் சொன்னேன்.

2010இல் மீள்குடியேறி, ஏழு வருடம் தகரக் கொட்டிலில் இருந்தேன். 2012இல் ஆரம்பித்த இந்திய வீட்டுத்திட்டத்தில் அயலவர் பலருக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கிடைத்தது. அது மானியம், திருப்பிக் கட்டத் தேவையில்லை. 2017இல் எனக்குக் கிடைத்ததோ வீடமைப்புக் கடன். அந்த வித்தியாசத்தை நான் கேட்டறியவில்லை.

கடன் முழுவதும் ஒரேயடியாகக் கைக்கு வராது. அத்திவாரம், சுவர், கூரை என ஒவ்வொரு வேலையும் முடிந்து, உத்தியோகத்தர் வந்து பார்த்த பிறகே அடுத்த தவணை வங்கிக்கு வரும். அத்திவாரம் போடக் கையில் காசில்லை. தோட்டை அடகு வைத்தேன். மூன்றாம் தவணை தாமதித்தபோது சீமெந்துக் கடைக்காரர் வாசலுக்கு வந்துவிட்டார். கிழமைக்குக் கிழமை கட்டும் நுண்கடன் ஒன்றை எடுத்தேன். வீட்டுக்கடனின் வட்டி குறைவு. வீட்டை முடிக்க எடுத்த கடனின் வட்டிதான் என் நித்திரையைப் பறித்தது. கொட்டிலை முதலே பிரித்துவிட்டதால், அந்த மாரியைப் பிள்ளைகளோடு கூரையில்லாத சுவர்களுக்குள் படங்கு கட்டிக் கழித்தேன்.

ஆகவே சகோதரிகளே, மானியமா கடனா, வட்டி எவ்வளவு, மாதம் எவ்வளவு, எத்தனை வருடம் என்பதை எழுத்தில் கேளுங்கள். விளங்காத மொழியில் உள்ள படிவத்தில் ஒப்பமிடாதீர்கள். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. ஒரு தவணை பிந்தினாலும் சமாளிக்கக் கையில் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு அறையும் குசினியும் முதலில் போதும். மிச்சத்தைப் பிறகு இறக்கலாம்.

காணி காணாமற்போன கணவரின் பெயரில் இருந்தால், மரணச் சான்றிதழ் எடுக்காமலே, அவர் காணாமற்போனதற்கான சான்றிதழைப் பெற 2016இன் சட்டம் இடந்தருகிறது. பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

அந்தத் தங்கை இப்போது கொப்பி ஒன்றில் கணக்கெழுதத் தொடங்கியிருக்கிறார். கடன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் வீட்டுக்கும் இன்று கூரை இருக்கிறது. கணக்குச் சரிவந்த பிறகு கொட்டிலைப் பிரியுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.