தரவைதான், ஆனால் குருட்டுத் தரவையல்ல

யூலை மாதத்தில் பிரிட்டிஷ் ஓப்பன் கோல்ப் போட்டி தொலைக்காட்சியில் ஓடும்போது, ஒருகொடவத்தையில் எங்கள் வீட்டு முன்னறையில் வருடாவருடம் ஒரே தீர்ப்புத்தான். மரமில்லை, குளமில்லை, புல்லும் காய்ந்து கிடக்கிறது. "இது மைதானமோ, மாடு மேய்க்கிற தரவையோ?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். வெளியே கொள்கலன் லொறிகளின் இரைச்சல். உள்ளே அதையும் மீறிய வாதம். அதைப் புள்ளி புள்ளியாக எடுத்துப் பார்ப்போம்.

தரவை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 'லிங்ஸ்' எனப்படும் ஸ்கொட்லாந்துக் கடலோர மைதானம் உண்மையில் தரவையேதான். கடலுக்கும் வயலுக்கும் இடையே பயிர் விளையாத மணற்பூமி. ஆடு மேய்ந்த நிலம். மணல் என்பதால் மழைநீர் தங்காது, தரை இறுகிக் கிடக்கும், விழுந்த பந்து உருண்டோடும். இழிவாகச் சொல்லப்படும் அந்த வறட்சிதான் ஆட்டத்தின் உயிர்.

"காற்றில் ஆடுவது வெறும் குருட்டு அதிர்ஷ்டம்." ஒரு திடீர்க் காற்று ஒரு நல்ல அடியைக் கெடுக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் போட்டி நான்கு நாள், 72 குழிகள். ஹரி வார்டன் 1896 முதல் 1914 வரை ஆறு தடவை வென்றார். பீட்டர் தொம்சன் ஐந்து தடவை. டொம் வற்சனும் ஐந்து தடவை. முதல் வெற்றி 1975இல். 2009இல் டர்ன்பெரியில், 59 வயதில், அவர் நான்கு நாள் முடிவில் சமநிலையில் நின்று, கூடுதல் ஆட்டத்தில்தான் தோற்றார். 34 வருடமாக ஒரே ஆளின் வாசலுக்கு வந்துபோவதை அதிர்ஷ்டம் என்று எப்படிச் சொல்வது?

அவருக்குத் தெரிந்தது காற்றின் கணக்கு. எதிர்காற்றில் பலத்தைக் கூட்டி அடித்தால் பந்தின் பின்சுழற்சியும் கூடும். பந்து மேலெழும்பிக் காற்றில் நின்று, பொத்தென்று விழும். ஆகவே தூரம் போகும் கோலை எடுத்து, வீச்சைக் குறைத்து, பந்தைத் தாழ ஓட்டுவார்கள். காற்று உரக்கும்போது நூலை வெடுக்கென இழுக்காமல் விட்டுக்கொடுக்கும் காலிமுகத்திடல் பட்டக்காரப் பையனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

"அங்கே வடிவமைப்பு என்று ஒன்றுமில்லை." வடிவமைப்பு என்றால் பூப்பாத்தி என்று நினைப்பவர்களின் பேச்சு இது. சென் அன்றூஸ் பழைய மைதானத்தில் ஆட்டம் ஒரு பக்கமாகப் போய்த் திரும்பி வருகிறது. போகும்போது முதுகைத் தள்ளிய காற்று, திரும்பும்போது முகத்தில் அறையும். பாதை அகலம்தான், ஆனால் இலகுவான பக்கத்தில் அடித்தவருக்கு அடுத்த அடி கடினமாகும். நடுவில் கிடக்கும் மணற்குழிகளுக்குப் பெயர் பங்கர். எங்கள் காதுக்கு அந்தச் சொல் வேறு நினைவுகளைக் கொண்டுவரும். அங்கே அதற்குள் விழுந்தால் சிலவேளை பின்னோக்கி அடித்துத்தான் வெளியே வரலாம்.

நோர்த் பெரிக் மைதானத்தின் 15ஆம் குழியான 'றெடான்' இன்னொரு பாடம். கொடி நிற்கும் அதன் புல்தரை, அதாவது கிரீன், ஆட்டக்காரரை விட்டு விலகி, இடப்புறம் பின்னோக்கிச் சரிகிறது. வலப்பக்கத்து முன்தோளில் பந்தை விழுத்திவிட்டால், கொடிவரை கொண்டுபோவது நிலத்தின் வேலை. உலகெங்கும் வடிவமைப்பாளர்கள் இதைப் பிரதி எடுத்தார்கள். ஒன்றுமில்லாததை யார் பிரதி எடுப்பார்?

"தூரம் குறைவு, இன்றைய வீரர்களுக்குச் சிறுபிள்ளை விளையாட்டு." றோயல் ட்றூனின் 8ஆம் குழிக்குத் 'தபால் முத்திரை' என்று பட்டப்பெயர். தூரம் சுமார் 115 மீற்றர். 1973இல், 71 வயதான ஜீன் சரசன் அங்கே முதல் அடியிலேயே பந்தைக் குழிக்குள் போட்டார். எடுத்த கோல் ஐந்தாம் இலக்க இரும்பு. அவ்வளவு குறுகிய தூரத்துக்கு அமைதியான நாளில் ஒருவரும் அதைத் தொடமாட்டார். மறுநாள் பந்து மணற்குழியில் விழுந்தது. அங்கிருந்தே நேரே குழிக்குள் போட்டார். தூரத்தை அளப்பது நாடா மட்டுமல்ல, காற்றும்தான்.

"எங்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" 1879இல் தொடங்கிய கொழும்பு கோல்ப் கழகம் முதலில் ஆடியது காலிமுகத்திடலில், கடற்காற்றின் நடுவில். 1896இல் அது பொரளைப் பக்கம் இடம்பெயர்ந்தது. ஒருகொடவத்தையிலிருந்து பேஸ்லைன் வீதியில் தெமட்டகொடை தாண்டிப் போனால் வெகு தூரமில்லை. மரமும் நீரும் உண்டு. களனிவெளி றெயில் மைதானத்தை ஊடறுத்துப் போகிறது. ஆளுநர் ரிட்ஜ்வேயின் பெயரால் அந்த நிலம் 'ரிட்ஜ்வே கோல்ப் லிங்ஸ்' ஆனது. பெயர் கூடவே வந்தது, கடல் வரவில்லை.

ஸ்கொட்லாந்தின் மெல்லிய புல் எங்கள் வெயிலில் நிற்காது. கொழும்பு மழையில் ஊறிய தரையில் பந்தும் உருளாது. மன்னாரிலோ மணற்காட்டிலோ மணல்மேடுகளை வெட்டி மைதானம் போடுங்கள் என்றும் நான் கேட்கவில்லை. அந்தக் கரைகளுக்கு அங்குள்ள மக்கள்தான் சொந்தக்காரர். விளங்கிக்கொள்வதற்கு மைதானம் தேவையில்லை. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கொரு பெயர் வைத்தவர்கள் நாங்கள். காற்றைக் குருடென்று சொல்ல எங்களுக்கு வாய் வரக்கூடாது.

வருகிற யூலையில் ஒன்று செய்யுங்கள். அடிக்குமுன் கொடி எந்தப் பக்கம் பறக்கிறதென்று பாருங்கள். பிறகு, பந்து எங்கே விழுந்ததென்பதை விட்டுவிட்டு, எங்கே போய் நின்றதென்று பாருங்கள். தீர்ப்பை அதற்குப் பிறகு சொல்லலாம்.