பெட்டிக்குள் குடியிருக்கும் தூசு

மட்டக்களப்புப் பகுதியிலிருந்து உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் எழுதிய கடிதம் சென்ற கிழமை எம் கைக்குக் கிட்டியது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் தகப்பனார் கடன்பட்டு வாங்கிக் கொடுத்த மேசைக் கணினி, இப்பொழுது அரைமணி நேரம் ஓடியதும் பேரிரைச்சல் எழுப்பி, சொல்லாமற் கொள்ளாமல் அணைந்துவிடுகின்றதாம். "இதன் ஆயுள் முடிந்தது, வந்த விலைக்குக் கொடுத்துவிடுவோம்" என்கின்றாராம் தகப்பனார். பரீட்சைக்கோ நான்கு மாதங்களே உள. விற்பதற்கு முன் செய்யத்தக்கது ஏதேனும் உண்டா என்பதே அம் மாணவியின் வினா.

உண்டு. அரைமணி நேரம் ஒழுங்காக ஓடிய பின்னரே அணைகின்றதெனின், முதலில் சூட்டின்மேல் ஐயங்கொள்வதே முறை. கணினியின் மூளையாகிய செயலியின்மீது, சீப்பின் பற்களைப் போல நெருங்கிய உலோகத் தகடுகளும், அவற்றின்மேல் ஒரு சிறு விசிறியும் பொருத்தப்பட்டுள்ளன. செயலியின் சூட்டைத் தகடுகள் வாங்க, விசிறி அதனைக் காற்றோடு அகற்றும். ஆயின் விசிறி இழுக்கும் காற்றோடு வீட்டுத் தூசும் துணித்தும்புமன்றோ சேர்ந்து வருகின்றன! அவை தகடுகளின் இடுக்குகளிற் படிந்து, நாளடைவிற் கம்பளி போர்த்தாற்போல் ஆகிவிடுகின்றன. விசிறி மூச்சுமுட்டச் சுழல்வதே அந்த இரைச்சல். செயலிகள் பல, 100 பாகை செல்சியஸை அணுகியதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அப்பாலும் சூடேறினால் தம்மைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும்.

இனிக் காரியத்துக்கு வருவோம். கணினியை முறைப்படி அணைத்து, சுவரிலுள்ள சுவிச்சையும் நிறுத்தி, பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். கணினியை மாத்திரம் அணைத்தாற் போதாதோ எனச் சிலர் கேட்பர். போதாது. பிளக் மாட்டியிருக்கும்வரை தாய்ப்பலகையில் 5 வோல்ற்று மின்சாரம் காத்துக்கொண்டேயிருக்கும். பிளக்கைக் கழற்றிய பின் கணினியின் தொடக்கப் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால், எஞ்சிய மின்னும் பெரும்பாலும் வடிந்துவிடும். பின்புறத்து வயர்கள் எது எங்கே என்பதைக் கைத்தொலைபேசியிற் படம்பிடித்துவிட்டு, அவற்றைக் கழற்றிப் பெட்டியை விறாந்தைக்குக் கொண்டுசெல்க. அறைக்குள் இவ்வேலை வேண்டாம். இழுப்பு நோயுள்ளவர் வீட்டிலிருப்பின் அவரைத் தூர இருத்துக. செய்பவரும் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்க.

பெரும்பாலான பெட்டிகளில், முன்னின்று பார்க்கும்போது இடப்பக்கத்துத் தகடே கழலும். திறந்ததும் உள்ளே கைவையாது, பெட்டியின் வர்ணம் பூசாத உலோகத்தை முதலில் தொடுதல் வேண்டும். எம் உடலில் தேங்கும் நிலைமின் ஏறத்தாழ 3000 வோல்ற்று ஆகும்வரை எமக்குச் சுரணை தட்டுவதில்லை. நுண்ணிய சில பாகங்கள் பழுதாவதற்கு 100 வோல்ற்றே மிகை.

இவ்விடத்தில் எம் சொந்த அநுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன், வீடு கூட்டும் தூசு உறிஞ்சும் யந்திரத்தின் பிளாஸ்திக் குழாயையே எம் கணினிக்குள் விட்டுத் துப்புரவாக உறிஞ்சினோம். பெட்டி பளபளத்தது. கணினியோ மறுநாள் உயிர்பெறவில்லை. ஞாபகப் பலகையொன்று செத்திருந்தது. குழாயில் உண்டான நிலைமின்தான் கொன்றதென அறுதியிட்டுச் சொல்ல எம்மால் இயலாது. ஆயினும் அவ் யந்திரத்தை அதன்பின் கணினிக்கு அருகே நாம் கொண்டுசென்றதில்லை.

வேண்டியவை புதிய, ஈரமற்ற, மெல்லிய மயிர்த் தூரிகை ஒன்றும், புகைப்படக்காரர் கையாளும் றப்பர் ஊதுபந்து ஒன்றுமே. அடைத்த காற்றுக் குப்பி வாங்குவோர் அதனை நிமிர்த்தியே பிடிக்க வேண்டும். சரித்தால் உள்ளிருக்கும் திரவம் கடுங்குளிராய்ப் பீறிடும். அதிற் பல தீப்பற்றக்கூடியவையுமாம். வாயால் ஊதுதல் எச்சில் தெறிப்பதால் ஆகாது. ஈரத்துணியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ!

விசிறியின்மேல் ஊதும்போது அது சுழலாதபடி ஓர் ஈர்க்கினால் இதழைத் தடுத்துக்கொள்க. சுழலவிட்டு வேடிக்கை பார்ப்பது சிறுவர்க்கு இன்பமே. ஆயின் அளவுமீறிய வேகம் அச்சைத் தேய்க்கும். இதழ்களைத் தூரிகையால் துடைத்தபின், தகடுகளின் இடுக்குகளிற் பொறுமையோடு வேலை செய்க. நோயின் வேர் அங்கேதான். முன்புறத்து வலை கழலுமாயின் தனியே கழுவி, முற்றாக உலர்ந்த பின்னரே பூட்டலாம்.

உள்ளே பல்லியோ கரப்பானோ உலர்ந்து கிடக்கக் கண்டால் வியப்படைய வேண்டாம். 1947 செப்டெம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்து மார்க் 2 கணிப்பொறியின் றிலே சுவிச்சொன்றில் அகப்பட்ட அந்துப்பூச்சியை எடுத்து, குறிப்பேட்டில் ஒட்டியே வைத்தனர்.

ஒன்றை மட்டும் திறக்கவே கூடாது. பிளக் வயர் வந்து சேரும் மின்வழங்கிப் பெட்டியே அது. எம் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று எனினும் அதன் உச்சம் 325 வோல்ற்று அளவினது என்பதைப் பௌதிகம் பயில்வோர் கணித்துப் பார்க்கலாம். அவ்வளவையும் அதிலுள்ள கொள்ளளவிகள் பிளக்கைக் கழற்றிய பின்னரும் சிறிது காலம் தேக்கி வைத்திருக்கக்கூடும். வெளித் துவாரங்களின் தூசைத் தூரிகையால் தட்டுவதோடு நிற்க.

மூடுமுன் வயர்கள் எவையும் தளர்ந்திலவா, விசிறியின் வழியில் எதுவும் தொங்கவில்லையா எனப் பார்த்து, திருகாணிகளை எண்ணுங்கள். பின்பும் சூடேறி அணையுமாயின், செயலிக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள பசை காய்ந்திருத்தல் கூடும். பழகாதவர் அதிற் கைவைக்கலாகாது. திருத்துநரிடம் அப்பசையை மாற்றும்படி கேட்டாற் போதும். மட்டக்களப்பு மாணவி தகப்பனாரையும் உடன்வைத்துக்கொண்டே பெட்டியைத் திறப்பாராக. உள்ளே கண்டதை எமக்கு எழுதுவார் என எதிர்பார்த்திருக்கின்றோம்.