பல்லியின் வாலில் இறுகும் பழந்தோல்

சிறுத்தைப் பல்லி வளர்க்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் தாய்மார்கள் அதன் வால்நுனியை அவ்வப்போது கவனித்து வருவது அவசியம். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் முதலிய நாடுகளின் வறண்ட நிலத்துப் பிராணியே எனினும், தோலுரிக்கும் காலத்தில் இதற்கு ஈரம் வேண்டும். இயற்கையில் ஈரமான வளையினுள் ஒதுங்கிக்கொள்ளும். பெட்டியில் அடைத்தபின் அது எங்கே போகும்?

ஈரம் குன்றினால் பழந்தோல் முழுவதும் கழலாது. வால்நுனியிலும் விரல்களிலும் வளையமாய் இறுகி, நூல் சுற்றிய விரலைப் போல, இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும். அதைப் பிய்த்து இழுக்கவே கூடாது. புதுத்தோல் கிழியும், வாலே கழன்றுவிடவும் கூடும். வயிறு மட்டும் நனையுமளவு வெதுவெதுப்பான நீரில் கால்மணி நேரம் நிறுத்தி, அருகிலேயே இருந்து, ஈரப் பஞ்சினால் மெல்லத் தேய்த்து விடுங்கள். வரவில்லையெனில் மறுநாள் முயலுங்கள். மூடியுள்ள சிறு டப்பாவில் வாசல் வெட்டி, ஈரக் காகிதம் பரப்பிப் பெட்டியினுள் வைத்தால் பெரும்பாலும் இத்தொல்லையே வராது. உரித்த தோலை அதுவே தின்றுவிடும், அஞ்ச வேண்டாம்.

நுனி கறுத்துக் காய்ந்திருந்தாலோ, கருமை மேலேறினாலோ கைவைத்தியம் உதவாது. ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டு செல்லுங்கள். உடற்கொழுப்பை அது சேமித்து வைப்பது வாலில்தான். இழந்த வால் மீண்டும் முளைக்கலாம்; பழைய வடிவம் திரும்பாது.