ஏழு பிள்ளைகளும் ஒரு வெட்டுப்புள்ளியும்

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் நாளில் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் தொலைபேசிகள் ஓய்வதில்லை. ஊர்ப் பாடசாலையில் எத்தனை பேர் சித்தி என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. விடை இரண்டு அல்லது மூன்று என்றால் மகிழ்ச்சி. பாராட்டு விழா, பதாகை, வங்கி வைப்பு என்று பணம் பாய்கிறது. விடை பூச்சியம் என்றால் நீண்ட மௌனம். அதன் பின்னர் பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் அதிபரின் திறமை பற்றிய ஐயங்கள் எழுகின்றன. "பெறுபேறு காட்டாத பாடசாலைக்கு ஏன் அனுப்ப வேண்டும்?" என்று கேட்கப்படுகிறது. கேட்பவர்களுட் பலர் கணக்கியலிலும் பொறியியலிலும் பட்டம் பெற்றவர்கள் என்பதே இதில் வியப்புக்குரியது. தம் அலுவலகத்தில் ஏழு மாதிரிகளை வைத்து முடிவெடுக்கும் ஒருவரை அவர்கள் அரை நாளும் வேலையில் வைத்திருக்கமாட்டார்கள்.

இவ்விடத்தில் சிறிதளவு எண்கணிதம் தேவைப்படுகிறது. 2023 ஆம் ஆண்டிலும் 2024 ஆம் ஆண்டிலும் நாடு முழுவதிலும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இப்பரீட்சையை எழுதினர். வெட்டுப்புள்ளியைத் தாண்டியோர் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 50 ஆயிரம் பேர், அதாவது நூற்றுக்குப் பதினைந்து பேரளவில். இனி, தரம் 5 இல் ஏழு பிள்ளைகள் மட்டுமே பயிலும் ஒரு பாடசாலையை எடுத்துக்கொள்ளலாம். முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களின் உட்கிராமங்களில் இத்தகைய பாடசாலைகள் அரியன அல்ல. நாட்டின் சராசரி வாய்ப்பே இந்த ஏழு பேருக்கும் உண்டு என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், எழுவருள் ஒருவரேனும் சித்தியடையாமற் போவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 32. அதாவது ஆசிரியர் எவ்விதத்திலும் தவறாத நிலையிலும், மூன்று ஆண்டுகளுக்கு ஓராண்டு என்ற கணக்கில் அப்பாடசாலை பூச்சியத்தைக் காணும். நூறு பிள்ளைகள் எழுதும் நகரப் பாடசாலைக்கு இதே கதி நேர்வதற்கான வாய்ப்போ ஏறத்தாழ ஒரு கோடியில் ஒன்று. ஒரு பிள்ளை சித்தியடைந்தால் 14 வீதம், இருவர் என்றால் 29 வீதம், எவரும் இல்லையென்றால் பூச்சியம். இந்த ஏற்ற இறக்கத்தை "முன்னேற்றம்" என்றும் "வீழ்ச்சி" என்றும் ஆண்டறிக்கையில் எழுதுவது, நாணயத்தைச் சுண்டிவிட்டு அதற்கு நல்லொழுக்கச் சான்றிதழ் வழங்குவதற்கு ஒப்பாகும்.

இதைவிட ஆழமான பிழை ஒன்றும் உண்டு. வெட்டுப்புள்ளி என்பது பிள்ளை எதனைக் கற்றது என்பதை அளப்பதன்று. வரிசையில் எங்கே நிற்கிறது என்பதை அளப்பது. வழங்கப்படவுள்ள உதவித்தொகைகளின் அளவை ஒட்டி, மாவட்டத்துக்கு மாவட்டமும் மொழிமூலத்துக்கு மொழிமூலமும் வேறுபடுமாறு அது ஆண்டுதோறும் நிர்ணயிக்கப்படுகிறது. நாட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் அடுத்த ஆண்டு இருபது புள்ளிகள் கூடுதலாகப் பெற்றாலும் வெட்டுப்புள்ளியும் அவர்களுடன் சேர்ந்தே மேலேறும். சித்தியடையாதோரின் தொகை பெரிதாகக் குறையாது. எனவே, மொத்தம் 200 புள்ளிகளில் 45 மட்டும் பெறக்கூடிய நிலையில் இருந்த ஒரு பிள்ளையை 95 வரை உயர்த்திய ஆசிரியையின் உழைப்பு, புலம்பெயர் சங்கத்தின் ஏட்டில் பூச்சியமாகவே பதிவாகிறது. தனியார் வகுப்புகளுக்குச் சென்று 150 பெற்ற பிள்ளையோ பாடசாலையின் சாதனையாகிவிடுகிறது. அப்பிள்ளையின் கெட்டித்தனத்தை எவரும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் புள்ளிகளுள் எத்தனை பாடசாலைக்கு உரியவை, எத்தனை ரியூசன் கட்டணத்துக்கு உரியவை என்று எவரும் கேட்பதில்லை.

சிறிய பாடசாலையின் உண்மை நிலை என்ன? பல இடங்களில் ஓர் ஆசிரியரே இரண்டு தரங்களை ஒரே மண்டபத்தில் வைத்துக் கற்பிக்கிறார். அவர் இடமாற்றம் பெற்றுச் சென்றால் பதிலாள் வரும்வரை அதிபரே வகுப்பெடுக்கிறார். வசதியுள்ள பெற்றோர் தரம் 3 இலோ 4 இலோ பிள்ளையை நகரப் பாடசாலைக்கு மாற்றிவிடுகின்றனர். எஞ்சுவோரைக் கொண்டே பாடசாலை மதிப்பிடப்படுகிறது. இன்று அவ்வகுப்புகளில் இருப்போர் 2009 ஆம் ஆண்டுக்குப் பின்னர் பிறந்தவர்கள். ஆயினும் அவர்களின் தாய் தந்தையருட் பலர், இடப்பெயர்விலும் முகாம்களிலும் தம் கல்வியை இழந்த தலைமுறையினர். வீட்டுப்பாடத்தில் உதவுவதற்கு அவ்வீடுகளில் ஆள் இல்லை. இதை நன்கறிந்த புலம்பெயர் சமூகமே பெறுபேற்றைக் கணக்கிடும் வேளையில் இதை மறந்துவிடுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு வழமையாகக் கூறப்படும். இப்பரீட்சை இல்லையேல் ஏழைப் பிள்ளைக்குப் பெரிய பாடசாலையின் வாயில் திறந்திருக்குமா என்பதே அது. நியாயமான கேள்வி. 1940களில் கன்னங்கராவின் கல்விச் சீர்திருத்தங்களோடு, கிராமத்துப் பிள்ளைகளை மத்திய கல்லூரிகளுக்குக் கொண்டுவரும் ஏணியாகவே புலமைப்பரிசில் முறை வளர்ந்தது. அந்த ஏணியில் ஏறி மருத்துவர்களாகவும் பொறியியலாளர்களாகவும் உயர்ந்தோர் பலர் இன்று இச்சங்கங்களின் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். ஏணியை அகற்றுமாறு இங்கு எவரும் கோரவில்லை. ஏறிய ஒருவரை மட்டும் எண்ணிவிட்டு, அடியில் நிற்கும் அறுவரையும் கணக்கிலிருந்து நீக்குவதே இங்கு கண்டிக்கப்படுகிறது. ஏறிய பிள்ளை தரம் 6 இல் வேறு பாடசாலைக்குச் சென்றுவிடும். அந்த அறுவரே ஊரில் எஞ்சப்போகின்றவர்கள்.

பத்து வயதுப் பிள்ளையின் மீது சுமத்தப்படும் இப்போட்டி எவ்வளவு தூரம் முற்றியுள்ளது என்பதை 2024 செப்ரெம்பர் பரீட்சை காட்டிற்று. முதலாம் வினாத்தாளின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே கசிந்தன. வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. அவ்வினாக்களுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப் புள்ளிகளை வழங்குமாறு ஆண்டிறுதியில் தீர்ப்பாயிற்று. பெறுபேறுகள் 2025 சனவரியிலேயே வெளியாயின. ஓரிரு புள்ளிகளே சித்தியைத் தீர்மானிக்கும் பரீட்சையில் மூன்று வினாக்கள் இவ்வாறு முடிந்தன. இந்த அளவுகோலை நம்பியே கடல் கடந்து பணம் பங்கிடப்படுகிறது.

முன்னேற்றத்தை அளப்பதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. ஆரம்பப் பிரிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தவணைப் புள்ளிகள் உள்ளன. அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளை அடைந்தமை பற்றிய ஆசிரியரின் பதிவும் உண்டு. தரம் 3 இன் முடிவில் ஒரு பந்தியைத் தடையின்றி வாசிக்க இயலாதிருந்தோர் எத்தனை பேர், அவர்களுள் தரம் 5 இன் முடிவில் வாசிப்போர் எத்தனை பேர்? ஆண்டில் எத்தனை நாட்கள் பிள்ளை வகுப்பில் இருந்தது? எத்தனை நாட்கள் ஆசிரியர் இருந்தார்? இந்நான்கு எண்களையும் மூன்று ஆண்டுகளுக்கு ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால், ஏழு பேர் கொண்ட வகுப்பும் இருபத்தொரு பேரின் கதையைச் சொல்லும். பிள்ளைகளின் பெயர்கள் தேவையில்லை. படங்கள் அறவே தேவையில்லை.

பணத்தின் திசையும் அதற்கேற்ப மாறவேண்டும். சித்தியடைந்த ஒரு பிள்ளைக்கு மடிகணினி வழங்கும் செலவில், தொலைவிலிருந்து வரும் ஆசிரியையின் பேருந்துக் கட்டணத்தைப் பல மாதங்களுக்கு ஈடுசெய்யலாம். சிறுவர் நூல்கள் நிறைந்த ஓர் அலுமாரியை வகுப்பறையில் வைக்கலாம். விழா மேடையில் இவை எடுபடமாட்டா என்பது உண்மையே. நன்கொடையாளருக்கு அனுப்பப் படம் கிடைக்காது என்று சங்கச் செயலாளர்கள் தயங்குவதும் தெரிந்ததே.

அடுத்த நிதியாண்டுக்கான விண்ணப்பப் படிவங்களைச் சங்கங்கள் தயாரிக்கும்போது செய்யக்கூடிய மாற்றம் மிகச் சிறியது. "வெட்டுப்புள்ளியைத் தாண்டியோர் தொகை" என்ற கட்டத்தை அடித்துவிட்டு, "வாசிக்கத் தொடங்கியோர் தொகை" என்று அதே இடத்தில் எழுதி அதிபருக்கு அனுப்பலாம்.