ஆட்டின் பலம் எங்கே இருக்கிறது?

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வகை ஆட்டங்களில் ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, விழுகிற பகடைக்கேற்பக் கூடிக் கதை சொல்கிறார்கள். (பகடையே அந்நியச் சரக்கு என்று முகம் சுளிப்பவர்கள், கீழடியில் கிடைத்த தந்தப் பகடையை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.) பாத்திரத்தின் வலிமைக்கும் மதிநுட்பத்திற்கும் எண்கள் உண்டு. எண்கள் இருக்குமிடத்திற்குக் கணக்குப்பிள்ளை வராமல் இருப்பாரா?

மதுரையில் நாங்கள் ஐவர் ஞாயிறுதோறும் ஆடும் மேசைக்கும் வந்து சேர்ந்தார். கோலூன்றி நடக்கும் மருத்துவக் கிழவியாக ஆடிக்கொண்டிருந்த நண்பரிடம், "உங்கள் பாத்திரம் ஒரு சுற்றுக்கு எவ்வளவு சேதம் விளைவிக்கும்? மற்றவர்களுக்குச் சுமைதானே?" என்றார். அடுத்த வாரம் நண்பர் வரவில்லை.

அவர் வாதத்தில் பாதி நியாயம் இருப்பதை மறைப்பானேன்? 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில், நிலை உயர உயர மந்திரவாதியே எல்லாவற்றையும் முடித்துவிடுவான்; வாள்வீரனாக ஆடுபவர் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அதற்கு மருந்தாக 2008இன் நான்காம் பதிப்பு எல்லோரையும் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தது. எல்லாரும் ஒன்றுபோல் இருக்கிறார்கள் என்று பலர் சலித்துக்கொண்டார்கள்.

இரண்டு பதிப்புகளையும் விட்டுவிட்டு நம் ஊர்ப் பாறைகளிலும் கோயில் கல்தளங்களிலும் கீறி வைத்திருக்கிற ஆடுபுலி ஆட்டத்திற்கு வருவோம். 3 புலிகள், 15 ஆடுகள். புலி தாண்டி வெட்டும். ஆட்டால் ஒருபோதும் வெட்ட முடியாது. போதாக்குறைக்கு, 15 ஆடுகளையும் இறக்கி முடிக்கும்வரை எந்த ஆடும் நகரக்கூடக் கூடாது. நம் கணக்குப்பிள்ளை ஆட்டின் சேதத் திறன் பூஜ்யம் என்று எழுதிக் குப்பையில் போடச் சொல்வார். ஆனால் புலிகளை அசையவிடாமல் அடைத்துவிட்டால் வெற்றி ஆடுகளுக்கே. ஓர் ஆட்டின் பின்புள்ளியில் இன்னோர் ஆடு நின்றால் புலியால் தாண்ட முடியாது. அந்த ஆட்டின் பலம் அதனிடத்தில் இல்லை. பின்னால் நிற்கிற ஆட்டிடம் இருக்கிறது. பாத்திரக் குறிப்புத் தாளில் இதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

அந்தக் கிழவி ஒருமுறை, கோட்டை வாசலில் உறுமிக்கொண்டு நின்ற பூதத்திடம் வயிற்றுவலியா என்று விசாரித்தாள். கஷாயம் காய்ச்சிக் கொடுத்து உட்காரவைத்தாள். வாளை உறையில் போட்டுக்கொண்டு மற்ற நால்வரும் அவள் பின்னால் உள்ளே போனோம். அன்று உருண்டது ஒரே ஒரு பகடை.

வரும் ஞாயிறு நண்பரை அழைத்துவர நானே அவர் வீட்டுக்குப் போகிறேன். கணக்குப்பிள்ளை விரும்பினால் உடன் வரலாம்.