அம்பட்டன் வாராவதி

மதறாஸைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் நண்பர்கள் தவறாமல் எடுத்துவிடும் கதை ஒன்று உண்டு. பக்கிங்ஹாம் கால்வாய்க்குக் குறுக்கே ஹாமில்டன் என்ற துரையின் பேரில் ஒரு பாலம். ஜனங்களின் வாயில் ஹாமில்டன் ‘அம்பட்டன்’ ஆனான். வெள்ளைக்காரன் அதைத் திரும்ப மொழிபெயர்த்து ‘பார்பர்ஸ் பிரிட்ஜ்’ என்றான். பின்னால் அது அம்பேத்கர் பாலமாயிற்று. கதை முடிந்தது, சிரிக்க வேண்டும்.

நானும் சிரித்தவன்தான். இப்போது கேட்கிறேன்: எதற்குச் சிரித்தோம்? ஹாமில்டன் வேறு ஏதோ சொல்லாகத் திரிந்திருந்தால் கதை இத்தனை வருஷம் பிழைத்திருக்குமா? துரையின் பேர், நாம் கீழே வைத்திருக்கும் ஒரு சாதியின் பேராக இறங்கிவிட்டது என்பதில்தான் சுவாரஸ்யமே இருக்கிறது. இதை மொழி விளையாட்டு என்பது பாசாங்கு.

காது செய்தது குற்றமில்லை. புரியாத சத்தத்துக்குத் தனக்குத் தெரிந்த அர்த்தத்தைக் கொடுத்தது. தெலுங்கு ‘வாரதி’யை வாராவதி ஆக்கிக்கொண்டதும் அதே காதுதான். தவறு நடந்தது மேஜையில்; சொல் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்காமல் அகராதியைப் புரட்டினவனிடம். நம் விமர்சனத்தில் பாதி இந்த மேஜை வேலைதான்.

பாலத்துக்குக் கீழே ஓடிய தண்ணீரைப் பற்றி யாரிடமும் கதை இல்லை. தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78-ல், கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த துண்டைத் தோண்டியவர்கள் பட்டினிக் கூலிகள். கால்வாயின் பேர் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவுக்குப் போயிற்று. தோண்டினவன் பேர் எந்தக் காதிலும் விழவில்லை; ஆகவே திரியவும் இல்லை. விறகும் உப்பும் ஏற்றிவந்த தோணிகள் நின்றுபோயின. 1990களில் கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டுப் பறக்கும் ரயில் விட்டார்கள். இன்று வாராவதியைத் தேடிப் போகிறவனுக்குத் தட்டுப்படுவது தூணும் சாக்கடையும்.

பரவையில் இருந்துகொண்டு மதறாஸ் பாலத்துக்கு வக்காலத்து எதற்கு என்பீர்கள். மதுரைக்குப் போனால் நான் பார்க்கும் வைகைப் பாலம் 1889-ல் கட்டி முடிந்தது. அதன் பேர் ஆல்பர்ட் விக்டர். ஜனங்கள் ‘ஏ.வி. பாலம்’ என்று சுருக்கிவிட்டார்கள். இளவரசனுக்கு மிஞ்சியது இரண்டெழுத்து. இதற்கு யாரும் சிரிப்பதில்லை. இதில் சாதி இல்லை.

அடுத்த தடவை யாராவது ஹாமில்டன் கதையை ஆரம்பித்தால், கால்வாயை வெட்டியது யார் என்று கேளுங்கள். சிரிப்பு எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.