பட்டை சேர்த்த பிறகு வண்டி ஒரு பக்கம் சாய்கிறதா?

கேள்வி: "இரண்டு ஏக்கரில் தக்காளியும் அரை ஏக்கரில் கத்தரியும் போட்டிருக்கிறேன். மார்க்கெட்டுக்குக் கொண்டு போக, கடன் வாங்கி ஒரு பழைய லோடு வண்டி வாங்கினேன். பாரம் ஏற்றினால் பின்பக்கம் மிகவும் அமுங்கியது. அதனால் பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கமான் பட்டை சேர்த்தேன். பின்பக்கம் உயர்ந்துவிட்டது. ஆனால், காலி வண்டியே இடது பக்கம் ஒன்றரை அங்குலம் தாழ்ந்து நிற்கிறது. போன வாரம் 40 பெட்டி தக்காளியோடு வாய்க்கால் கரையில் திரும்பியபோது வலது பின் சக்கரம் தரையை விட்டு எழும்பி இறங்கியது. பெட்டிகள் மேல் என் மகன் உட்கார்ந்திருந்தான். 'இடது பக்கம் மட்டும் இன்னொரு பட்டை போட்டால் சரியாகிவிடும்' என்று பட்டறையில் சொல்கிறார்கள். போடலாமா?"

- வாசகர், ஒட்டன்சத்திரம் வட்டாரம், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: போட வேண்டாம். சாய்வுக்குக் காரணம் தெரியாமல் ஒரு பக்கம் மட்டும் பட்டை சேர்ப்பது, காய்ச்சல் ஏன் வந்தது என்று பார்க்காமல் மாத்திரை போடுவது போலத்தான்.

ஒரு பக்கம் மட்டும் பட்டை கூடினால், அந்தப் பக்கம் மற்றப் பக்கத்தை விட விறைப்பாகிவிடும். காலியாக நிற்கும்போது வண்டி நேராகத் தெரியும். பாரம் ஏற்றியதும் விறைப்பான பக்கம் குறைவாகவும் மற்றப் பக்கம் அதிகமாகவும் அமுங்கும். அதாவது, இடது பக்கம் சாய்ந்த வண்டி, பாரத்தோடு வலது பக்கம் சாயும். வாய்க்கால் கரையிலும் வரப்பு ஓரப் பாதையிலும் வண்டி போவது பாரத்தோடுதான். எனவே, காலி வண்டியை நேராக்கிக் காட்டும் வைத்தியம் இவருக்கு உதவாது.

முதலில் செய்ய வேண்டியது அளப்பது. அதற்கு ஒரு டேப், ஒரு நோட்டு, ஒரு ஆள் துணை போதும். செலவு எதுவும் இல்லை.

எங்கே நிறுத்தி அளப்பது?

தரை சமமாக இல்லாவிட்டால் அளவுகள் எல்லாம் வீண். நெல் காயப்போடும் சிமென்ட் களம் நல்ல இடம். ஆனால், மழைநீர் வடிவதற்காகக் களத்தைச் சற்றுச் சரிவாகப் போட்டிருப்பார்கள். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப்பை வைத்து, நான்கு சக்கரங்களும் நிற்கும் இடங்களைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். டியூப் கிடைக்காவிட்டால், ஒருமுறை அளந்த பிறகு வண்டியை அதே இடத்தில் திருப்பி நிறுத்தி மறுபடி அளக்கலாம். வண்டியைத் திருப்பியதும் சாய்வும் பக்கம் மாறினால், குறை தரையில்தான்.

பாரத்தை முழுவதும் இறக்கிவிட வேண்டும். இடது, வலது டயர்கள் ஒரே அளவா என்று பார்த்து, நிறுவனம் சொன்ன அளவுக்குக் காற்று நிரப்ப வேண்டும். ஒரு பக்கம் புது டயரும் மறுபக்கம் தேய்ந்த டயரும் இருந்தாலே உயரம் மாறும். பிறகு வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி வந்து நிறுத்தினால், பட்டைகள் தம் இயல்பான நிலைக்கு வந்துவிடும்.

மூன்று அளவுகள்

பின்பக்கம் இடதும் வலதும் இந்த மூன்று அளவுகளையும் எடுத்து எழுதிக்கொள்ள வேண்டும்.

1. தரையிலிருந்து சக்கரத்தின் நடு மையம் வரை. இது இரண்டு பக்கமும் மாறினால், குறை டயரில் இருக்கிறது.

2. சக்கர மையத்துக்கு நேர் மேலே சேஸ் வரை. இது மாறினால், குறை பட்டையிலோ அது மாட்டியிருக்கும் இடத்திலோ, அல்லது முன்பக்கத்திலோ இருக்கிறது.

3. சேஸிலிருந்து லோடு பாடியின் அடிப்பாகம் வரை. இது மட்டும் மாறினால், சேஸ் நேராக இருக்கிறது, மேலே இருக்கும் பாடிதான் சாய்ந்திருக்கிறது. பாடிக்கு அடியில் வைத்த மரக்கட்டை ஒரு பக்கம் மக்கி அமுங்கியிருக்கலாம். இதற்குப் பட்டையைக் கழற்றுவது வீண் வேலை.

முன்பக்கமும் முதல் இரண்டு அளவுகளை எடுக்க வேண்டும். கூடவே, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை உள்ள நீளத்தையும், முன் சக்கரங்களை நேராக வைத்து, இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். நீளம் ஒரு பக்கம் குறைந்தால் பின் ஆக்சில் கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட வண்டியைப் பின்னாலிருந்து பார்த்தால், ரோட்டில் நண்டு போல ஒருக்களித்து ஓடுவது தெரியும்.

காலி வண்டியில் இரண்டு பக்கத்துக்கும் அரை அங்குலம் வரை வேறுபாடு இருந்தால் கவலைப்பட வேண்டாம். டீசல் டேங்க், பேட்டரி, ஸ்டெப்னி ஆகியவை ஒவ்வொரு பக்கம் இருப்பதால் எடை சற்று மாறத்தான் செய்யும். இந்த வாசகர் சொல்லும் ஒன்றரை அங்குலம் அப்படி விடக்கூடியது அல்ல.

முன்பக்கமா, பின்பக்கமா?

பின்னால் வேலை செய்தோம், எனவே குறையும் பின்னால்தான் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். முன்பக்கம் ஒரு பட்டையோ சுருள் ஸ்பிரிங்கோ தளர்ந்திருந்தாலும் பின்பக்கம் சேர்ந்து சாயும். பழைய வண்டியில் இது முன்பே இருந்து, பின்பக்கத்தை உயர்த்தியதும் கண்ணுக்குத் தெரிய வந்திருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. டிராலி ஜாக்கி உள்ள பட்டறையில் மட்டும் செய்ய வேண்டும். முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் அண்டை கொடுத்து, பின் ஆக்சிலின் நடுவில் உருண்டையாக இருக்கும் கிரவுன் ஹவுசிங்குக்கு அடியில் ஜாக்கியை வைத்து, பின் டயர்கள் தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்பும் அளவுக்குத் தூக்க வேண்டும். இப்போது பின்பாரம் நடுவில் ஒரே இடத்தில் நிற்கிறது. வண்டி நேராகிவிட்டால், குறை பின்பக்கம். சாய்வு அப்படியே இருந்தால், குறை முன்பக்கம். சோதனை நடக்கும்போது வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது.

பின்பக்கம் என்று தெரிந்தால் பார்க்க வேண்டியவை

பட்டையின் வளைவு: இரண்டு கட்டுகளையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு கண்ணிலிருந்து மறு கண் வரை நூல் பிடித்து, நடுவில் உள்ள ஆழத்தை அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய வண்டிகளில் இடது பக்கக் கட்டு முதலில் தளர்வது உண்டு. நம் நாட்டில் வண்டி ரோட்டின் இடது பக்கம் ஓடுகிறது. தண்ணீர் வடிய ரோட்டின் ஓரம் தாழ்வாக இருப்பதால், பாரம் எப்போதும் கொஞ்சம் இடது பக்கம் சாய்கிறது. தளர்ந்த கட்டில் ஒரு புதுப் பட்டையைச் சேர்த்தாலும், தளர்ந்தது தளர்ந்ததுதான்.

பட்டையின் தடிமன்: சேர்த்த இரண்டு பட்டைகளும் ஒரே தடிமன், ஒரே நீளம்தானா? வேறு வேறு வண்டியில் கழற்றிய பழைய பட்டைகளாக இருந்தால் சாய்வு வரும். தடிமன் சிறிதளவு மாறினாலும் விறைப்பு வெகுவாக மாறும்.

உடைந்த பட்டை: கிளாம்ப்புக்கு அடியிலும் சென்டர் போல்ட் துளை அருகிலும் வெடிப்பு மறைந்திருக்கும். துரு கோடு போல் இறங்கியிருந்தால் அந்த இடத்தைச் சுத்தம் செய்து பார்க்க வேண்டும்.

சென்டர் போல்ட்: இதன் தலை, ஆக்சில் மேல் உள்ள குழிக்குள் சரியாக உட்கார வேண்டும். புதுப் பட்டை சேர்க்கும்போது தலை குழியில் விழாமல் மேலே ஏறி நின்றால், அந்தப் பக்கம் உயர்ந்துவிடும், ஆக்சிலும் கோணலாகும்.

புஷ்: பட்டையின் கண்களில் ரப்பர் புஷ் உள்ள வண்டிகளில், சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை முழுதாக முறுக்கிவிட்டால், ரப்பர் முறுக்கிக்கொண்டு ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கும். போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, இரண்டு மூன்று முறை அமுக்கி விட்டு, பிறகு முறுக்க வேண்டும். சில வண்டிகளில் சாய்வு இந்த ஒரு வேலையிலேயே போய்விடும். எனவே, கட்டைக் கழற்றுவதற்கு முன்பே இதைச் செய்து பார்க்கலாம்.

யு போல்ட்: நான்கு நட்டும் சமமாக இறுகியிருக்க வேண்டும். பட்டை வேலை செய்த வண்டியில் முதல் பாரம் ஏற்றி வந்த பிறகு ஒருமுறையும், 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறையும் மறுபடி இறுக்க வேண்டும்.

இவ்வளவும் சரி என்றால், இடது கட்டை வலதிலும் வலது கட்டை இடதிலும் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். சாய்வும் பக்கம் மாறினால், குறை கட்டில். சாய்வு அதே பக்கம் நின்றால், குறை சேஸிலோ பட்டை மாட்டும் பிராக்கெட்டிலோ இருக்கிறது. சில வண்டிகளுக்கு இடது வலது கட்டுகளை நிறுவனமே வேறுபடுத்திக் கொடுப்பது உண்டு. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு மாற்றுவது நல்லது. கட்டுதான் குறை என்று உறுதியானால், இரண்டு பக்கமும் ஜோடியாகவே மாற்ற வேண்டும்.

பிரேக்கை மறக்க வேண்டாம்

பல லோடு வண்டிகளில், பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை வைத்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு உண்டு. அது ஒரு கம்பியால் பின் ஆக்சிலோடு இணைந்திருக்கும். பட்டை சேர்த்துப் பின்பக்கத்தை உயர்த்திவிட்டால், பாரம் இருக்கும்போதும் வண்டி காலி என்று அந்த வால்வு ஏமாந்துபோகும். பின் பிரேக் குறைவாகப் பிடிக்கும். மலைப்பாதையிலும் மழையிலும் இது ஆபத்து. எனவே, பட்டை வேலை முடிந்ததும் அந்த வண்டிக்கான சர்வீஸ் சென்டரில் வால்வைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஹெட்லைட் வெளிச்சம் விழும் இடத்தையும் பார்த்துக்கொள்ளலாம்.

ஆணிவேர் எங்கே?

வண்டி அமுங்கியதால்தான் பட்டை சேர்க்க நேர்ந்தது. ஏன் அமுங்கியது? ஒரு பெட்டி 25 கிலோ என்றால் 40 பெட்டி ஒரு டன். ஆர்.சி. புத்தகத்தில் பாரத்தோடு மொத்த எடை, காலி எடை என இரண்டு கணக்கு இருக்கும். முதலாவதில் இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பதுதான் வண்டி சுமக்க வேண்டிய எடை. ஓட்டுபவரும் உடன் வருபவரும் அதற்குள் அடக்கம். ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

எத்தனை பட்டை சேர்த்தாலும் அந்த எடை கூடாது. ஆக்சில், பேரிங், டயர், பிரேக் எல்லாம் பழையவைதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் 2019-இல் செய்த திருத்தப்படி, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். விபத்து நடந்தால் காப்பீட்டுத் தொகை கிடைப்பதிலும் சிக்கல் வரும்.

அனுமதித்த எடைக்குள் ஏற்றியும் வண்டி அமுங்குகிறது என்றால், பழைய கட்டுகள் தளர்ந்துவிட்டன என்று பொருள். கூடுதல் பட்டையை எடுத்துவிட்டு, அந்த வண்டிக்குரிய புதுக் கட்டுகளை ஜோடியாகப் போடுவதே சரி. இதில் விவசாயிக்கு இன்னொரு லாபமும் உண்டு. பட்டை கூடக்கூட வண்டி விறைத்து, ஒவ்வொரு குழியும் சரக்கில் இடிக்கும். பழுத்த தக்காளி அடிப்பெட்டியில் நசுங்கினால் நஷ்டம் விலையில்தான் தெரியும்.

ஏற்றும் முறையும் முக்கியம். ஆட்கள் ஒரு பக்கமாக நின்று ஏற்றும்போது, கனமான பெட்டிகள் அந்தப் பக்கமே சேரும். இடமும் வலமும் மாற்றி மாற்றி, கனமானதை அடியில் வைத்து அடுக்க வேண்டும். உயரமாக அடுக்கிய பாரம், உயர்த்திய பின்பக்கம், சாய்ந்த கரை ஆகிய மூன்றும் சேர்ந்தால் வண்டி கவிழ அதிக நேரம் ஆகாது.

அதனால், சாய்வைச் சரிசெய்யும் வரை வாய்க்கால் கரைப் பாதையைத் தவிர்த்து, பாரத்தைப் பாதியாகக் குறைத்து, இரண்டு நடையாக ஓட்டுவது நல்லது. டீசல் செலவு கூடும், ஆனால் அது சில நாட்களுக்குத்தான். மகனை எந்தக் காரணம் கொண்டும் பெட்டிகள் மேல் உட்கார வைக்கக் கூடாது, சாய்வு சரியான பிறகும். அன்றைக்குச் சக்கரம் எழும்பி இறங்கியது. மறுமுறையும் இறங்கும் என்று சொல்ல முடியாது.

அளவுகளை எழுதிய தாளோடு பட்டறைக்குப் போனால், 'இன்னொரு பட்டை போடலாம்' என்ற பேச்சு, 'குறை எங்கே' என்ற பேச்சாக மாறும்.

கேள்வி: "பட்டையில் சத்தம் வந்தால் பழைய இன்ஜின் ஆயில் ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா?"

- வாசகி, தேனி மாவட்டம்.

பதில்: வேண்டாம். பழைய ஆயில் ரப்பர் புஷ்ஷை ஊதிப்போகச் செய்யும். அதில் ஒட்டும் மண் பட்டைகளுக்கு நடுவே உரசித் தேய்க்கும். சத்தம் பெரும்பாலும் தேய்ந்த புஷ், தளர்ந்த கிளாம்ப் அல்லது யு போல்ட் ஆகியவற்றிலிருந்து வரும். முதலில் அவற்றைப் பார்க்க வேண்டும். பட்டைகளுக்கு நடுவே ரப்பர் அல்லது பிளாஸ்டிக் துண்டு இல்லாத பழைய வகைக் கட்டுகளை, கழற்றிச் சுத்தம் செய்து, கிராஃபைட் கிரீஸ் தடவி மாட்டலாம்.